செர்வோ உலாவிப் பொறி: புதிய வசதிகளும் புதிய பங்களிப்பாளர்களும் – கேள்வி பதில்

கேள்வி: செர்வோ மொசில்லா கைவிட்ட திட்டம் என்கிறார்கள். அதில் இன்னும் வேலை நடக்கிறதா?

பதில்: நடக்கிறது. செர்வோ ஓர் உலாவிப் பொறி, அதாவது இணையப் பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் காட்டும் மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் ஆய்வுப் பிரிவில், ரஸ்ட் என்ற நிரல்மொழியில் 2012-இல் இது தொடங்கப்பட்டது. இதில் உருவான, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளைப் பல இழைகளில் (இணையாக ஓடும் செயல்வழிகளில்) ஒரே நேரத்தில் கணக்கிடும் பகுதி, 2017 நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 57-இல் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் மொசில்லா செய்த ஆட்குறைப்பில் செர்வோ குழுவும் வேலையிழந்தது. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்புக்கு மாறியது. 2023 முதல் இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் இதை மீண்டும் முனைப்புடன் வளர்த்து வருகிறார்கள். 2025 அக்டோபரில் 0.0.1 என்ற பதிப்பெண்ணுடன் ஒரு வெளியீடும் வந்தது.

கேள்வி: ஒரு புதிய வசதி பொறிக்குள் எப்படி நுழைகிறது? யாராவது ஒருவர் நல்ல யோசனையுடன் வந்தால் போதுமா?

பதில்: யோசனை மட்டும் போதாது. உலாவிப் பொறி தன் விருப்பப்படி வசதிகளைக் கண்டுபிடிக்கும் இடமன்று. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அந்தப் பக்கத்தை நிரல்கள் அணுக உதவும் பொருள்களின் தொகுப்பான டாம் ஆகியவற்றுக்கு வாட்விஜி அமைப்பும் சிஎஸ்எஸ்ஸுக்கு டபிள்யூ3சி அமைப்பும் வெளியிடும் தரநிலை ஆவணங்களே அதன் வரைபடம். பக்கத்தின் ஓர் உறுப்புக்குப் புதிய மெத்தட் (நிரல்கள் அழைக்கக்கூடிய செயல்) ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் தரநிலையில் உள்ள வெப்ஐடிஎல் அறிவிப்பு (மெத்தடின் பெயர், உள்ளீடு, விளைவு ஆகியவற்றைச் சொல்வது) அதற்குரிய கோப்பில் எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் கருவி, ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் ஸ்பைடர்மங்கியையும் ரஸ்ட் நிரலையும் இணைக்கும் பாலத்தைத் தானே உருவாக்கிவிடும். மெத்தடின் உடலை எழுதுவது மட்டுமே உங்கள் வேலை.

அந்த உடலைப் பார்த்தால், தரநிலையின் ஒவ்வொரு படியும் எண்ணுடன் கருத்துரையாக இருக்க, அதன் கீழே அதைச் செய்யும் வரிகள் இருப்பதைக் காணலாம். இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில், ஆண்டுகள் கழித்துத் தரநிலை மாறும்போது, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதை அந்த நிரலை எழுதாத ஒருவரும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட முடியும். முழுமை பெறாத வசதிகள் பெரும்பாலும் ஒரு செட்டிங் மூலம் அணைத்தே வைக்கப்படுகின்றன. சோதிக்க விரும்புபவர் இயக்கும்போது அதை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் திருத்தத்துக்குப் பிறகு, முன்பு தோற்ற சோதனைகள் வெற்றி பெறுகின்றன. ஆனாலும் தானியங்கிச் சோதனை சிவப்புக் குறி காட்டுகிறது. ஏன்?

பதில்: எதிர்பாராத வெற்றியும் அங்கே பிழையாகத்தான் கணக்கிடப்படும். எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பையே செர்வோவும் ஓட்டுகிறது. இதுவரை தோற்றுவரும் சோதனைகள் தனி ஐஎன்ஐ கோப்புகளில் குறித்து வைக்கப்பட்டுள்ளன. உங்கள் திருத்தத்தால் வெற்றி பெற்றவற்றின் குறிப்புகளை அக்கோப்புகளிலிருந்து நீக்கி, அதே புல் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பத்தில்) சேர்த்துவிடுங்கள். கோப்பில் வேறு குறிப்பு எதுவும் மிஞ்சவில்லை என்றால் கோப்பையே அழித்துவிடலாம்.

கேள்வி: எனக்கு ரஸ்ட் ஓரளவுதான் தெரியும். முதல் பங்களிப்பாக, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் போன்ற பெரிய வசதியை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பக்க அமைப்பைக் கணக்கிடும் பகுதியில் ஒரு சிறு மாற்றம் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் பல சோதனைகளைப் பாதிக்கும். அதன் காரணத்தைத் தேடுவதிலேயே புதியவரின் உற்சாகம் வற்றிவிடும். தவிர, கிரிட்டுக்கு டாஃபி என்ற தனி நூலகம் ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது. முதலில், திட்டத்தின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறியிடப்பட்ட டாம் தொடர்பான வழு ஒன்றை எடுத்து, அதை எடுத்திருப்பதாக அங்கேயே தெரிவியுங்கள்.

டாம் பகுதியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள பொருள்களின் ஆயுளை முடிவு செய்வது ஸ்பைடர்மங்கியின் நினைவகச் சேகரிப்பான் (பயன்படாத பொருள்களின் நினைவகத்தை மீட்கும் பகுதி). ஆகவே ஒரு தரவு யாருக்குச் சொந்தம், எப்போது அழியும் என்று முடிவு செய்யும் ரஸ்ட்டின் உரிமை விதிகள் மட்டும் உங்களைக் காப்பாற்றா. அப்பொருள்களைக் குறிக்கத் திட்டம் தனி ரஸ்ட் வகைகளை வைத்திருக்கிறது. அவற்றைத் தவறாகக் கையாள்வதைக் கண்டுபிடிக்கக் கிரவுன் என்ற கருவியும் உண்டு. அது எச்சரித்தால் சுற்றுவழி தேடாமல், காரணத்தைப் புரிந்துகொண்டு திருத்துங்கள்.

கேள்வி: கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் இருக்கும்போது இன்னொரு பொறிக்கு ஏன் உழைக்க வேண்டும்?

பதில்: தனித்தனிப் பொறிகள் குறைந்து வந்திருக்கின்றன: 2013-இல் ஓப்பரா தன் சொந்தப் பொறியான பிரெஸ்டோவை விட்டது, 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. தரநிலை ஆவணத்தில் உள்ள தெளிவின்மை, அதை வேறொரு குழு முதலிலிருந்து எழுதிப் பார்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. ஒரே பொறி மட்டும் எஞ்சினால் அதன் வழுக்களே தரநிலையாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே உண்டு.

கேள்வி: நிரல் தயார். அனுப்பும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: திட்டத்தின் மாக் கருவியில், நிரல் நடையைச் சரிபார்க்கும் டெஸ்ட்-டைடி கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்த மாற்றத்திலும்) உங்கள் ஒப்புதல் வரி, அதாவது அந்த நிரலை வழங்க உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதிசொல்லும் வரி, இருக்க வேண்டும். கிட் கமிட் கட்டளையுடன் சிறிய எஸ் என்ற தெரிவைக் கொடுத்தால் அது தானே சேரும். அந்த வரி இல்லையென்றால் நிரல் சரியாக இருந்தாலும் இணைக்க மாட்டார்கள்.