பிரிந்து வாழும் தாயின் பணம் யாருக்குப் போகும்?

கேள்வி: என் வயது 37. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக மாதம் 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவரைப் பிரிந்து நாலு வருடமாகிறது. விவாகரத்து வழக்கு இருவருமே போடவில்லை. எட்டு வயது மகளுடன் அம்மா வீட்டில் இருக்கிறேன். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 30,000 ஆகிவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் 3.2 லட்சம், 14 பவுன் நகை, ஒன்பது வருட பி.எஃப். இருக்கிறது. கடன் இல்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மாதம் 5,000 ரூபாயில் சைல்டு பிளான் போடச் சொல்கிறார். அண்ணனோ, கையிலிருக்கும் பணத்தை முன்பணமாகக் கொடுத்து மகள் பெயரில் ஒரு மனை வாங்கிப் போடு என்கிறார். எது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பி.எஃப். கணக்கில் நாமினி யார்? இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய படிவத்தில் கணவர் பெயரை எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அதோடு மறந்திருப்பீர்கள்.

போன வருடம் என்னிடம் ஒரு பெண் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஐந்து பாலிசிப் பத்திரங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ஐந்திலும் நாமினி இடத்தில், ஆறு வருடமாக அவர் முகமே பார்க்காத கணவரின் பெயர். அதில் ஒன்று பிரிந்த பிறகு எடுத்தது! “வீட்டுக்காரர் பேர் என்னன்னு கேட்டாங்க சார், சொன்னேன்” என்றார். ஏஜென்டைக் குறை சொல்வதா, பழக்கத்தைக் குறை சொல்வதா?

உங்கள் நிலை அபூர்வமானதும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறோம் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 35 லட்சம். அதாவது நீதிமன்றப் படியேறி முடித்துக்கொண்டவர்களைவிட, உங்களைப் போல் பாதியில் நிற்பவர்கள் இரண்டரை மடங்குக்கு மேல். கணவரை இழந்தவர்கள், திருமணமாகாதவர்கள் எல்லாரையும் சேர்த்தால் நாட்டில் தனித்து வாழும் பெண்கள் 7 கோடிக்கும் மேல் என்று அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. 2001இல் அது 5.1 கோடி. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், புதிய எண்ணிக்கைக்கு 2027 கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். நீங்களும் மகளும் அம்மா சமையலில் சாப்பிடுவதால் அம்மா குடும்பத்துக்குள் அடங்கிவிடுவீர்கள்; தனிக் குடும்பமாகத் தெரிய மாட்டீர்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், தாய் மட்டுமே நடத்தும் குடும்பங்கள் இந்தியாவில் 4.5 சதவீதம், சுமார் 1.3 கோடி என்று இருந்தது. கூட்டுக் குடும்பத்துக்குள் இருக்கும் தனித்தாய்கள் இன்னும் 3.2 கோடி என்று மதிப்பிட்டார்கள். நீங்கள் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறீர்கள். அதே அறிக்கையில் ஏழ்மையில் இருக்கும் குடும்பங்கள், தாய் மட்டும் இருக்கும் வீடுகளில் 38 சதவீதம். அப்பா அம்மா இருவரும் இருக்கும் வீடுகளில் 22.6 சதவீதம். ஒரு சம்பளம் நின்றால் இன்னொரு சம்பளம் தாங்கும் என்ற வசதி இந்த வீடுகளில் இல்லை.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும், விவாகரத்துத் தீர்ப்பு வராதவரை அவர் சட்டப்படி உங்கள் கணவர். உயில் எழுதாமல் உங்களுக்கு ஏதாவது ஆனால், அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி உங்கள் சொத்து பிள்ளைக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். நாலு வருடமாக உங்களுக்குச் சோறு போடும் அம்மாவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. நகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மகளின் பாதியாவது பத்திரமா என்றால், மைனர் பிள்ளைக்கு அப்பாதான் இயற்கைப் பாதுகாவலர். அந்தப் பாதியையும் நிர்வகிக்கும் உரிமையை அவர் கேட்டு வரலாம். வங்கியில் நாமினியாக அம்மாவைப் போட்டிருக்கிறேனே என்பீர்கள். வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியும். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுரிமைதான் சொல்லும்.

அம்மாவும் பாதுகாவலர்தான் என்பதை நிலைநாட்டவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1984இல் கீதா ஹரிஹரன் தன் மைனர் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, பாதுகாவலராகத் தானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இத்தனைக்கும் கணவரும் அதற்குச் சம்மதித்திருந்தார். அப்பா உயிரோடு இருந்தாலும், குழந்தையின் பொறுப்பில் அவர் இல்லாத நிலையில் அம்மா இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. பான் கார்டில் அம்மா பெயர் மட்டும் போதும் என்ற விதி இன்னும் தாமதம், 2018 டிசம்பரில்தான் வந்தது.

ஆகவே உங்கள் முதல் முதலீடு ஓர் உயில். ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பின்னால் ‘இது அவள் கையெழுத்தே இல்லை’ என்ற பேச்சு வராது. எல்லாம் மகளுக்கு, அவளுக்கு 21 வயதாகும்வரை அண்ணன் அறங்காவலராக இருந்து படிப்புக்குச் செலவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மகள் யாரிடம் வளர்வாள் என்பதை உயிலால் முடிவு செய்ய முடியாது, அது நீதிமன்றத்தின் கையில். பணத்தை யார் கையாள்வது என்பதை முடிவு செய்யலாம். உங்கள் சம்பாத்தியத்தில் கணவருக்குக் கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. (முஸ்லிம் வாசகிகளுக்கு: உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது என்பதால் உங்கள் கணக்கு வேறு.)

அடுத்து பி.எஃப். நாமினியை நூறு சதவீதம் மகள் பெயருக்கு மாற்றுங்கள். அதோடு விடாதீர்கள். 1952 பி.எஃப். திட்டத்தில் பலருக்கும் தெரியாத வசதி ஒன்று உண்டு: கணவரை என் குடும்பத்திலிருந்து விலக்க விரும்புகிறேன் என்று ஒரு பெண் ஆணையருக்கு எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆண் உறுப்பினர் மனைவியை விலக்க வேண்டுமானால், அவருக்கு ஜீவனாம்ச உரிமை போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெண்ணின் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுதிய விதி எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

இப்போது சைல்டு பிளான். வருடம் 60,000 கட்டினால் காப்பீடு பொதுவாக அதைப்போல் பத்து மடங்கு, 6 லட்சம். உங்கள் சம்பளத்தில் 14 மாதம். மகள் எட்டு வயதிலிருந்து சம்பாதிக்கும் வயது வரை அது எப்படிப் போதும்? 75 லட்சத்துக்கு, 60 வயது வரை ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள், அதாவது சேமிப்பு கலக்காத, உயிருக்கு மட்டுமான காப்பீடு. அதே வயது ஆணைவிடப் பெண்ணுக்கு பிரீமியம் பொதுவாகக் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. நாமினி மகள், அவள் மேஜராகும்வரை பணத்தை வாங்கிக்கொள்ள அண்ணன். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் காப்பீட்டில் பிள்ளையை நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் பிள்ளைக்கே உரிமை. மெடிக்ளெய்ம் ஒன்றை உங்கள் இருவர் பெயரிலும் தனியாக எடுங்கள். ஆபீஸ் தருவது வேலையோடு போய்விடும்.

அண்ணன் சொல்லும் மனை? அந்த 3.2 லட்சம் உங்களுக்குப் பத்து மாதச் செலவு. இரண்டு சம்பளம் உள்ள வீட்டுக்கு ஆறு மாதம் போதும் என்பேன், உங்களுக்கு ஒன்பது மாதமாவது வேண்டும். அதனால் அதைத் தொடாதீர்கள். பெரும்பகுதியை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் போதும். தவிர, மைனர் பெயரில் மனை வாங்கினால், நாளைக்குக் கல்லூரிக் கட்டணத்துக்கு விற்க வேண்டுமென்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

மாதம் மிஞ்சும் 12,000இல் இரண்டு பிரீமியத்துக்கும் மூவாயிரம் ஒதுக்குங்கள். மூவாயிரம் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தபால் நிலையத்தில் பாதுகாவலராக நீங்களே கையெழுத்திடலாம். ஆனால் முழுப் பணம் பொதுவாகக் கணக்குத் தொடங்கி 21 வருடம் கழித்துத்தான், மேல்படிப்புக்குப் பாதிதான் எடுக்கலாம். அதனால் ஐந்தாயிரத்தை இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் ஃபண்ட்) ஒன்றில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதத் தவணையாக, உங்கள் பெயரிலேயே போடுங்கள். மீதி ஆயிரம் கையில் இருக்கட்டும், ஸ்கூல் டூர் என்று வந்து நிற்பாள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகளுக்கான ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வழக்கு போட வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 125 என்று சொல்வோமே அதுதான். நீங்கள் சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது. இருவரும் வருமான, சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது, அதனால் அவர் சம்பளத்தை மறைப்பதும் அத்தனை சுலபமில்லை. கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கேட்டு வந்தால், அதை அப்படியே அந்த எஸ்.ஐ.பி.யில் சேர்த்துவிடுங்கள்.