வீட்ல அஞ்சு பேர், அஞ்சு ருசி: யாருக்கு எந்த புக்னு எப்படி கண்டுபிடிக்கறது?

திருச்சில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு, சுருக்கிச் சொல்றேன். போன ஜனவரி குடும்பத்தோட சென்னை புத்தகக் காட்சிக்குப் போய் பை நிறைய வாங்கிட்டு வந்தாங்களாம், முக்கால்வாசி இன்னும் பிரிக்காமயே இருக்காம். அவரு படம் பாத்த வேகத்துல பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் வாங்கி முதல் பாகத்துலயே நிக்கறாரு, ஆனா ஓடிடில க்ரைம் சீரிஸ்னா விடிய விடிய பாப்பாராம். மனைவிக்கு கதைனாலே பொறுமை இல்ல. பொண்ணு ஒன்பதாவது, இங்கிலீஷ் ஃபேண்டசி மட்டும்தான் படிக்குது, தமிழ் போர்ங்குது. பையன் மூணாவது, தமிழ எழுத்துக்கூட்டித்தான் படிக்கறான். அம்மாவுக்கு 68, ஒரு காலத்துல தொடர்கதைக்காக வாரப் பத்திரிகைக்கு காத்துக் கெடந்தவங்க, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் படிக்கறத விட்டுட்டாங்க. "எல்லாரும் ரசிச்சுப் படிக்கற மாதிரி புக்ஸ எப்படி தேடறது, ஒரு லிஸ்ட் குடுங்களேன்"னு கேக்கறாரு.

வணக்கம் சார். லிஸ்ட் குடுக்கலாம், ஆனா அந்த லிஸ்ட் முடிஞ்சதும் திரும்ப இன்னொரு லிஸ்ட்டுக்கு யாரையாவது கேக்கணும், அதனால தேடற வழியவே சொல்றேன், சொல்ற வழில புக் பேரும் வரும். நூலகத்துல உக்காந்து பல வருஷமா ஆளுங்களுக்கு புக் எடுத்துக் குடுக்கறது என் வேலை. யாராவது "நல்ல புக்கா ஒண்ணு குடுங்க"ன்னு வந்தா நான் திருப்பிக் கேக்கறது ஒரே கேள்விதான், கடைசியா நேரம் போனதே தெரியாம எதப் பாத்தீங்க, படிச்சீங்க, இல்ல பேசிட்டிருந்தீங்க? சினிமாவா இருக்கலாம், கிரிக்கெட்டா இருக்கலாம், மாடித்தோட்டமா இருக்கலாம். அங்கேர்ந்துதான் முதல் புக் ஆரம்பிக்கணும். சீர்காழில பொறந்து இந்திய நூலகத்துறைக்கே அடித்தளம் போட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல வெளியிட்ட அஞ்சு விதில ரெண்டு இதான்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். எல்லாருக்கும் ஒரே புக்னு அவரு சொல்லல.

முதல்ல உங்க பொன்னியின் செல்வன் விஷயம். அது 1950ல இருந்து 54 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்த தொடர்கதை, அடுத்த வாரம் வரைக்கும் ஆள இழுத்துப் பிடிக்கணும்னே ஒவ்வொரு அத்தியாயத்தோட முடிவும் இருக்கும், அன்னிக்குப் படிச்சவங்க ஒரு வாரம் காத்திருந்து அடுத்ததப் படிச்சாங்க, நாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் நூறு பக்கம் முடிக்கணும்னு உக்காந்தா அலுப்புதான் வரும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு அத்தியாயம், அவ்ளோதான். வருஷம் ஆனாலும் பரவால்ல. அதுவும் ஓடலன்னா எடுத்து ஓரமா வைங்க, அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அதுக்காக மத்த படிப்ப நிறுத்தக் கூடாது, பாதில நிக்கற ஒரு பெரிய புக் மத்த எல்லா புக்கையும் தடுத்துட்டு நிக்கறத நான் நெறைய வீட்ல பாத்திருக்கேன்.

உங்களுக்கு க்ரைம் பிடிக்கும்ல, அப்ப அந்தப் பக்கமே போங்க. சுஜாதாவோட கணேஷ் வசந்த்ங்கற ரெண்டு வக்கீல்ங்க துப்பறியற கதைங்க இருக்கு, கொலையுதிர் காலம் எடுங்க, அமானுஷ்யமா விஞ்ஞானமான்னு கடைசி வரைக்கும் ஆட்டி வைக்கும். அது பிடிச்சுதுன்னா அடுத்து இன்னொரு சுஜாதான்னு போறது ஒரு வழி. நான் சொல்ற வழி வேற, அடுத்ததா பூமணியோட வெக்கை எடுங்க. 1982ல வந்த சின்ன நாவல், அசுரன் படம் இதுலேர்ந்து எடுத்ததுதான். இதுலயும் கொலைதான், ஆனா யாரு பண்ணாங்கன்னு தேடற கதை இல்ல, பண்ணது ஒரு பதினஞ்சு வயசுப் பையன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும், அப்புறம் அவனும் அப்பாவும் காட்டுக்குள்ள ஒளிஞ்சு திரியற நாட்கள்தான் மொத்தக் கதையும். முதல் இருபது பக்கம் கரிசல் வட்டாரப் பேச்சு கொஞ்சம் பிடிபடாது, அப்ப வாய்விட்டுப் படிங்க, காதுல விழுந்தா புரிஞ்சுடும். வட்டார வழக்குல எழுதின எந்த நாவலுக்கும் இதே வழிதான், கொங்கு நாட்டு நாவலா இருந்தாலும் ஈழத்து நாவலா இருந்தாலும்.

இப்ப பாருங்க, பூமணி கோவில்பட்டி பக்கத்துக்காரர். அதே கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்னு ஒரு கிராமம், அங்கேர்ந்து ரெண்டு பெரிய எழுத்தாளர் வந்தாங்க, கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும், சின்ன வயசுலேர்ந்து சிநேகிதங்க. வெக்கைல அந்த மண்ணு பிடிச்சுப் போச்சுன்னா கி.ரா.வோட கோபல்ல கிராமத்துக்குப் போகலாம், அங்கேர்ந்து அழகிரிசாமி சிறுகதைகளுக்குப் போகலாம். க்ரைம் சீரிஸ்ல ஆரம்பிச்ச ஆள் மூணாவது புக்ல எங்க வந்து நிக்கறாரு பாத்தீங்களா? புக் தேடறதுன்னா என்னைப் பொறுத்தவரை இதான், பிடிச்ச ஒரு புக்ல இருக்கற ஏதோ ஒரு இழையப் பிடிச்சுட்டு அடுத்ததுக்குப் போறது. அது ஊரா இருக்கலாம், தொழிலா இருக்கலாம், எழுத்தாளரா இருக்கலாம், மொழிபெயர்ப்பாளரா இருக்கலாம், பதிப்பகத்தோட வரிசையா கூட இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பேர யாரும் பாக்கறதே இல்ல, அது பெரிய நஷ்டம். ஒரு மொழிபெயர்ப்பு தடங்கல் இல்லாம ஓடுச்சுன்னா அதே ஆள் வேற என்ன மொழிபெயர்த்திருக்காருன்னு தேடுங்க, முக்கால்வாசி ஏமாற மாட்டீங்க.

அவார்டு வாங்கின புக்னு பாத்து எடுக்கறதும் ஒரு வழிதான், ஆனா அது முதல் புக்குக்கான வழி இல்ல. சு.வெங்கடேசனோட காவல் கோட்டம் 2011ல சாகித்ய அகாதெமி வாங்குச்சு, ஆயிரம் பக்கத்துக்கு மேல, மதுரையோட சில நூற்றாண்டு வரலாறு. நல்ல நாவல், ஆனா படிச்சுப் பழக்கம் விட்டுப்போன ஆளுக்கு முதல்ல அதக் குடுத்தா பத்து நாள்ல புக்கும் மூடிரும் ஆசையும் போயிரும்.

பொண்ணு விஷயத்துல மனசத் திறந்து சொல்றேன். தமிழ் போர்னு அது சொல்றதுல நியாயம் இருக்கு, பதிமூணு பதினாலு வயசுக்குன்னே எழுதின தமிழ் நாவல் ரொம்பக் கம்மி. சின்னப் பசங்களுக்கு இருக்கு, பெரியவங்களுக்கு கடல் மாதிரி இருக்கு, நடுவுலதான் காலியா கெடக்கு. அதனால இங்கிலீஷ் ஃபேண்டசிய நிறுத்தச் சொல்லாதீங்க, படிக்கற பழக்கம் எந்த மொழில இருந்தாலும் அது சொத்து. அது படிக்கறத நீங்க ஒண்ணு வாங்கிப் படிங்க, படிச்சுட்டுப் பேசுங்க, அப்புறம் அதுக்கு பிடிச்ச வகைக்குப் பக்கத்துல இருக்கற தமிழ் புக்க நீட்டுங்க. சர்வாதிகார ஆட்சி, வருங்காலம், புரட்சி மாதிரி கதை பிடிக்கும்னா சுஜாதாவோட என் இனிய இயந்திரா சரியா இருக்கும், எண்பதுகள்ல எழுதினது, 2021ல நடக்கற மாதிரி கற்பனை, புருஷனத் தேடற நிலான்னு ஒரு பொண்ணு, அவளுக்குத் துணையா ஜீனோன்னு புத்தி உள்ள ஒரு ரோபோ நாய். இப்ப அந்த வருஷம் தாண்டியாச்சுங்கறதால எது நடந்துச்சு எது நடக்கலன்னு பேசவே ஒரு சாயங்காலம் போதாது. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பாமாவோட கருக்கு குடுக்கலாம், 1992ல வந்தது, ஒரு தலித் கிறிஸ்தவப் பொண்ணு தன் சின்ன வயசையும் ஊரையும் பேசற மொழிலயே எழுதினது. தமிழ்ப் பாடப் புத்தகத்துல இருக்கற நடைதான் தமிழ்னு நெனச்சிட்டிருக்கற பொண்ணுக்கு, இப்படிக் கூட எழுதலாமான்னு தோணும். இரா.நடராசனோட ஆயிஷா அரை மணி நேரத்துல முடிஞ்சுடற புக், கேள்வி கேக்கற ஒரு மாணவியோட கதை, ஆனா முடிவு ரொம்பக் கனமானது, நீங்க முதல்ல படிச்சுட்டுக் குடுங்க, படிச்சு முடிச்சதும் பக்கத்துல இருங்க.

பையனுக்கு இப்ப ரெண்டு தனித்தனி புக் வேணும், இது நெறைய பெத்தவங்க கவனிக்காத விஷயம். அவனா படிக்கறதுக்கு ஒண்ணு, நீங்க படிச்சுக் காட்டறதுக்கு ஒண்ணு. எட்டு வயசுப் பையனோட மூளை பெரிய கதைய கேக்கத் தயாரா இருக்கும், ஆனா தமிழ்ல படிக்கற வேகம் அஞ்சு வயசுக்கு இருக்கும், ரெண்டையும் ஒரே புக்ல தேடினா கிடைக்காது. அவனா படிக்க ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ் படக்கதைங்க இலவசமா நாலு நிலையா பிரிச்சு இருக்கு, மூணாவதுதானேன்னு மேல் நிலைல ஆரம்பிக்காம கீழ் நிலைல ஆரம்பிங்க, தடுக்காம ஒரு புக்க முடிச்சோம்ங்கற சந்தோஷம் அவனுக்கு கிடைக்கட்டும். ஒரு பக்கத்த படிக்கச் சொல்லி, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்க, அஞ்சு விரலும் மடங்கிட்டா அந்த புக் இப்போதைக்கு வேணாம். காமிக்ஸ் கேட்டா தாராளமா வாங்கிக் குடுங்க, சிவகாசில இருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படிச்சு வாசகர் ஆன ஒரு தலைமுறையே இருக்கு. படிச்சுக் காட்ட டோட்டோ-சான் வைங்க, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ்ல போட்டிருக்காங்க, வகுப்புல ஜன்னல் ஓரம் நின்னு தெருவுல போற வாத்தியக்காரங்கள கூப்பிடற மாதிரி குறும்புக்காக ஸ்கூல விட்டு அனுப்பப்பட்ட ஒரு ஜப்பான் சிறுமி, ரயில் பெட்டிங்க வகுப்பறையா இருக்கற புது ஸ்கூல்ல போய் சேருது. அத்தியாயம் எல்லாம் ரெண்டு மூணு பக்கம், தூங்கப் போறப்ப அளவா இருக்கும். அப்புறம் யெஸ்.பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2020ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது, தப்பான தொடுதல் பத்தி பயமுறுத்தாம பேசற கதை, அத அம்மாவோ அப்பாவோ கூட உக்காந்து படிக்கணும்.

உங்க மனைவிக்கு கதை வேணாம்னா கதை குடுக்காதீங்க, அவ்ளோதான். புக்னா நாவல்னு யாரு சொன்னா. தொ.பரமசிவனோட அறியப்படாத தமிழகம் மேசை மேல வைங்க, உப்பு, எண்ணெய், உணவுன்னு நம்ம வீட்டுக்குள்ள இருக்கற விஷயத்துக்குப் பின்னாடி இருக்கற வரலாறு, எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரை, எந்தப் பக்கத்துலயும் ஆரம்பிக்கலாம். இயற்கைல ஆர்வம்னா தியடோர் பாஸ்கரன் கட்டுரைங்க.

அம்மாவுக்கு வருவோம். அவங்க படிக்கறத விட்டது ஆர்வம் போனதால இல்ல, எழுத்து சின்னதா இருக்கறதாலயும் புக் கனமா இருக்கறதாலயும்தான். முதல்ல கண் டாக்டர்கிட்ட படிக்கற கண்ணாடி பவர் சரியான்னு பாருங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்டப் பார்வைக்கு தனிக் கண்ணாடி நெறைய பேருக்கு தேவைப்படும், அத வாங்காமயே "இனிமே முடியாது"ன்னு முடிவு பண்ணிடறாங்க. வெளிச்சம் பின்பக்கத்துலேர்ந்து பக்கத்து மேல விழணும். வீட்ல டேப்லெட் இருந்தா எழுத்த பெருசு பண்ணிக் குடுங்க, மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல 1998ல இருந்து பழைய தமிழ் நூல்கள இலவசமா ஏத்திட்டு இருக்காங்க, கல்கி கதைங்களும் அதுல கிடைக்கும். அவங்க அந்தக் காலத்துல படிச்சதையே திரும்பக் கேட்டா சந்தோஷமா எடுத்துக் குடுங்க, தேவனோட துப்பறியும் சாம்புவ மறுபடி படிச்சு சிரிக்கறதும் படிப்புதான். புதுசா ஏதாவது வேணும்னா உ.வே.சாமிநாதையரோட என் சரித்திரம், அதுவும் நாப்பதுகள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்ததுதான், வாராவாரம் படிச்சுப் பழகினவங்களுக்கு அந்த அளவு கையில உக்காரும்.

கடைல நிக்கறப்போ என்ன பண்ணணும்னா, அணிந்துரைய படிக்காதீங்க. நம்ம புக்குங்கள்ல அணிந்துரை எழுதறவங்க பாதிக் கதைய சொல்லிடறாங்க, அத நாவல் முடிச்சப்புறம் படிச்சா நல்லா இருக்கும். முதல் பக்கம் ஒண்ணு, நடுவுல ஒரு பக்கம், ரெண்டையும் நின்னபடியே படிங்க, முதல் பக்கத்த எல்லாரும் பாத்துப் பாத்து எழுதுவாங்க, நடுப்பக்கம்தான் நிஜம். சிறுகதைத் தொகுப்ப முதல்லேர்ந்து படிக்கணும்னு அவசியம் இல்ல, தலைப்பு பிடிச்ச கதைய எடுங்க. நாவல்னா அம்பது பக்கம், அதுக்குள்ள உள்ள இழுக்கலன்னா வைச்சிடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அதே புக் உங்கள இழுக்கலாம்.

புத்தகக் காட்சிக்கு மொத்தமா போய் வாங்கறதுக்கு முன்னாடி உங்க பக்கத்துக் கிளை நூலகத்துல அஞ்சு பேருக்கும் கார்டு போட்டுடுங்க, வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துக் கட்டிட்டுத்தான் இருக்கீங்க. அங்க எடுத்துப் பாத்து, திரும்பப் படிக்கணும்னு தோணற புக்க மட்டும் ஜனவரில காசு குடுத்து வாங்குங்க, அவங்கவங்க புக்க அவங்கவங்களே எடுக்கட்டும், பையன் உட்பட.

எல்லாரும் சேந்து ரசிக்க ஒண்ணு வேணும்னு கேட்டீங்க, அஞ்சு பேருக்கும் சேத்து நான் குடுக்கறது அழகிரிசாமியோட ராஜா வந்திருக்கிறார்ங்கற சிறுகதை. ஒரு ஏழை வீட்டுக் குழந்தைங்களும் பணக்கார வீட்டுப் பையனும் என்கிட்ட இது இருக்கு உன்கிட்ட இருக்கான்னு போட்டி போடறதுல ஆரம்பிக்கும், தீபாவளிக்கு முந்தின நாள் அந்த ஏழை வீட்டுக்கு ஒரு பையன் வந்து சேருவான், அதுக்கு மேல சொல்ல மாட்டேன். அது பிடிச்சுதுன்னா அடுத்தது பஷீரோட பாத்துமாவின் ஆடு, மலையாளத்துலேர்ந்து வந்தது, எழுத்தாளர் எழுதின புக்கையே மென்னு தின்னுடற ஒரு ஆடும் கூட்டம் கூட்டமா சொந்தக்காரங்களும் இருக்கற வீடு. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுத்தா போதும், மத்த நாலு பேரும் கேளுங்க.