“நீயும் பதினாறில்தானே கட்டினனீ?”

கேள்வி: 2007இல் வன்னியில் எனக்கு 16 வயது. புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைப் போருக்குக் கேட்ட நேரம். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அப்பா அவசரமாக எனக்குக் கலியாணம் செய்துவைத்தார். இப்போது என் மகளுக்கு 15, பத்தாம் ஆண்டு படிக்கிறாள். மாமி லண்டனில் 28 வயது மாப்பிள்ளை ஒருவரைப் பேசியிருக்கிறார். “தாலியை இப்ப கட்டுவம், எழுத்தை, அதுதான் விவாகப் பதிவை, பதினெட்டில் எழுதலாம். நீயும் பதினாறில்தானே கட்டினனீ” என்கிறார். என் கணவரும் தலையாட்டுகிறார். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, மாமி சொல்வது பாதி உண்மை. நீங்கள் ஏன் பதினாறில் கட்டினீர்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

அன்று உங்கள் அப்பாவுக்குப் போய் முறையிட ஒரு கந்தோர் இருக்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் போரில் ஈடுபடுத்தக்கூடாது என்ற ஐ.நா. நெறிமுறையை இலங்கை 2000இலேயே ஏற்றிருந்தது. சிறுவரைப் போருக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கி 2006இல் தண்டனைச் சட்டத்தையும் திருத்தினார்கள். புலிகளும் 17 வயதுக்குக் கீழே சேர்க்கமாட்டோம் என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் கடதாசியில். படலையில் வந்து நின்றவர்களிடம் கழுத்துத் தாலியைத்தான் காட்ட முடிந்தது. போரின் கடைசி மாதங்களில் அதற்கும் மரியாதை இருக்கவில்லை. உங்கள் அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் இன்று படலையில் நிற்பவர் லண்டன் மாப்பிள்ளை. அவருக்கு மூன்று வருடம் பொறுக்க முடியாதாமா?

1995 திருத்தத்துக்குப் பிறகு, பொது விவாகச் சட்டத்தின் கீழ் 18 நிறையாதவருக்கு எழுத்து எழுத முடியாது. தாய் தகப்பன் சம்மதித்தாலும் முடியாது என்று 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே மாமியின் திட்டப்படி உங்கள் மகள் மூன்று வருடம் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்ல. மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனால் மனைவி என்று தாபரிப்புக் கேட்கவும் வழியில்லை. 16 நிறையாத பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்திருந்தாலும், அது பாலியல் வல்லுறவு வழக்கு.

லண்டன் பக்கம் இன்னும் இறுக்கம். 2023 பெப்ரவரியிலிருந்து, 18க்குக் குறைந்தவருக்குத் திருமணம் ஏற்பாடு செய்வதே இங்கிலாந்தில் குற்றம். எழுத்தில்லாத கோயில் கலியாணமும் அதில் அடங்கும். அங்கே வசிப்பவர் இலங்கையில் வைத்துச் செய்தாலும் விடாது. ஏழு வருடம் வரை சிறை. இதை மாமியிடம் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரின் காதில் போடச் சொல்லி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். 16 வயது வரை பள்ளிக்கூடம் போவது கட்டாயம் என்பதால், அவளை மறித்தால் அதிபரும் கேள்வி கேட்கலாம். ஊர்க்கதைக்குப் பயமா? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம், காசில்லை.

அப்புறம் ஒன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே கேளுங்கள். அந்த 1929ஐ அவளுக்கும் சொல்லிவையுங்கள்.