விரலை எடுக்கும் கணம்

அன்புள்ள ஐயா,

பியானோவில் எட்டாவது கிரேடு முடித்திருக்கிறேன். காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் ஆர்கனில் ஈ. பவர் பிக்ஸ் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசைப்பதிவுகளை விடாமல் கேட்கிறேன். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், கைவசம் ஒரு நல்ல ஆர்கன் இருந்தும் ஹாலந்திலிருந்து இன்னொன்றைச் சொந்தச் செலவில் வரவழைத்தாராம். எதற்கு? கட்டையை அழுத்தினால் குழாய் ஒலிக்கப்போகிறது, அவ்வளவுதானே? நானும் ஆர்கன் பழக விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவ்வளவுதான் இல்லை. பிக்ஸ் 1930இல் அமெரிக்காவில் குடியேறினார். பாஸ்டன் பக்கம் தேவாலயத்தில் வாசிப்பு, லாஞ்சி இசைப்பள்ளியில் வகுப்பு, கச்சேரி என்றுதான் வாழ்க்கை ஓடியது. அவர் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது சிபிஎஸ் வானொலி. 1942 முதல் 1958 வரை ஹார்வர்டின் அருங்காட்சியகக் கூடத்திலிருந்து வாராவாரம் வாசித்தார். அங்கே 1937இல் வைத்த ஆர்கனின் குழாய்கள் பழைய ஜெர்மன் பாணியை ஒட்டியவை. ஆனால் கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்தது மின்சாரம். கட்டை ஒரு தொடர்பை மூடும், காந்தம் இழுக்கும், வால்வு திறக்கும். மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் வால்வு ஒரே மாதிரிதான் திறக்கும்.

1958இல் அவர் ஹாலந்திலிருந்து வரவழைத்த, ஃப்ளென்ட்ராப் நிறுவனம் செய்த ஆர்கனில் கட்டையோடு மெல்லிய மரச்சட்டம் இணைந்திருக்கிறது. அதுவே நேராக வால்வை இழுக்கிறது. அழுத்தத் தொடங்கியதும் காற்றின் எதிர்ப்பு விரலில் தட்டும். அதைத் தாண்டினால் கட்டை சட்டென்று இளகிவிடும். அந்த இடம் விரலுக்குத் தெரிவதால், ஸ்வரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. இதற்குத்தான் அவர் அவ்வளவு செலவு செய்தார். என்னைக் கேட்டால், அது வீண்போகவில்லை. அந்தப் பாக் பதிவுகளில் ஒவ்வொரு குரலும் (ஒரே நேரத்தில் ஓடும் மெட்டுகள் ஒவ்வொன்றும்) தனித்தனியாகக் காதில் விழுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பியானோ பழகிய கை தடுமாறுவதும் இங்கேதான். பியானோவில் ஸ்வரம் தானாகத் தேயும், கொஞ்சம் தாமதமாக விரலை எடுத்தாலும் காது மன்னித்துவிடும். ஆர்கனில் விரல் இருக்கும்வரை அதே பலத்தில் ஒலிக்கும், எடுத்த கணம் நின்றுவிடும். விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடல் கிடையாது. தொடர்ச்சி வேண்டுமென்றால், கட்டையை விடாமலே அதன்மேல் விரலை மாற்ற வேண்டும்: நான்காம் விரலை (மோதிர விரல்) வைத்து அழுத்தி, சத்தமில்லாமல் ஐந்தாம் விரலுக்கு (சுண்டு விரல்) மாற்றுவது. ஓங்கி அடித்து அழுத்தம் கொடுக்கவும் முடியாது. முந்தைய ஸ்வரத்தைச் சற்றுக் குறுக்கி, நடுவே சிறு மௌனம் விட்டால் அடுத்தது எடுப்பாகக் கேட்கும். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது அந்த மௌனங்கள் சம அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தாளம் நொண்டும்.

ஆர்கனில் கீழே இருக்கும் பெடல் கட்டைகளைக் காலால் வாசிக்க வேண்டும். அதற்குக் காலுக்கு மெல்லிய அடிப்பாகமும் சிறு குதிகாலும் உள்ள ஷூ தேவை. தடித்த ரப்பர் அடிப்பாகம் இருந்தால் பெடல் கட்டையின் விளிம்பு காலுக்குத் தெரியாது. குனிந்து பார்த்துக்கொண்டே வாசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம்.

பாக் பெயரில் வழங்கும் எட்டுச் சிறு ப்ரெலூட்-ஃபியூக்களில் (ஒரு முன்னுரை இசையும், ஒரே மெட்டைக் குரல்கள் மாறி மாறி எடுத்துச் செல்லும் இசையும் சேர்ந்த ஜோடிகள்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையை ஒதுக்கிவிட்டு, இடது கையையும் காலையும் மட்டும் சேர்த்து, பாதி வேகத்தில் வாசியுங்கள். பியானோவில் பாஸ் (தாழ்ந்த ஸ்வரங்கள்) எப்போதும் இடது கையின் வேலை என்பதால், அது காலின் ஸ்வரங்களையே தேடிப் போகும். அந்த இழுப்பு நின்ற பிறகு வலது கையைச் சேர்த்தால் போதும்.