ரஃப்ளீசியாவின் உறவினர்கள்

அன்புள்ள ஐயா,

மழைக்காட்டு மரங்களைப் பற்றி எழுதும்போது, இலையை நம்ப வேண்டாம், பூவைப் பாருங்கள் என்றீர்கள். சில நாளில் உதிர்ந்துவிடும் பூவை வைத்தா இனம் பிரிப்பது? மரபணுச் சோதனை வந்தபின்னும் பூ எதற்கு?

கே.

அன்புள்ள கே.,

மழைக்காட்டில் உறவே இல்லாத மரங்கள்கூட ஒரே மாதிரி இலை விடும். நீள்வட்டம், வெட்டில்லாத விளிம்பு, நீர் வடியக் கூர்நுனி. சூழல் ஒன்று, அதனால் இலையும் ஒன்று. பூவில் மகரந்தத்தாள்கள் எத்தனை, சூலகம் இதழ்களுக்கு மேலா கீழா என்ற அடிப்படை அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்பு பிரித்தார். உறவில்லாதவற்றையும் அது ஒரே கூட்டில் அடைத்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் பூவின் அளவும் நிறமும் மணமும் வந்துபோகும் பூச்சிக்கேற்ப மாறுபவை. அவற்றை நம்பினால் ஏமாறுவோம். ஒட்டுண்ணித் தாவரமான ரஃப்ளீசியாவையே பாருங்கள். 1818இல் சுமத்ராவில் மலாய்ப் பணியாளர் ஒருவர் கண்டு கூப்பிட்டுக் காட்டினார். அறிவியல் பெயரில் இடம்பிடித்தவர்களோ, அங்கிருந்த ஆங்கிலேய ஆளுநர் ராஃபிள்ஸும் உடன் சென்ற மருத்துவர் ஆர்னால்டும்! ஒரு மீட்டர் வரை விரியும் பூ அது. வேர், தண்டு, இலை எதுவும் கிடையாது. திராட்சைக் குடும்பத்துக் கொடியான டெட்ராஸ்டிக்மாவின் உடலுக்குள் இழைகளாக வாழ்ந்து, பூக்க மட்டும் வெளியே வரும். பெரும்பாலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அழுகிய இறைச்சி வாடைக்கு ஈக்கள் வந்து மகரந்தத்தைக் கொண்டுபோகும். அருகருகே இரண்டும் ஒரே சமயத்தில் விரிந்திருந்தால்தான் விதை. பூவோ ஒரு வாரம்கூடத் தாங்காது.

இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று நெடுங்காலம் குழம்பினார்கள். பச்சையம் இல்லாததால் வழக்கமாக ஒப்பிடும் பசுங்கணிக (செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பின்) மரபணுக்களும் உதவவில்லை. செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு ஒன்று திராட்சைக் குடும்பத்தைக் காட்டியது. பிறகுதான் தெரிந்தது, அந்த மரபணு, ரஃப்ளீசியா ஒட்டி வாழும் டெட்ராஸ்டிக்மா கொடியிடமிருந்து வந்து சேர்ந்தது! பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ரஃப்ளீசியாவை ஆமணக்குக் குடும்பத்தின் கிளைகளுக்கிடையே வைத்தது. மிகச் சிறிய பூக்களுக்குப் பேர்போன குடும்பம் அது.

ஆக, மரபணுவும் தனியாக நின்றால் வழிதவறும். இன்னொன்று, சோதனையில் கிடைக்கும் வரிசையை எதனோடு ஒப்பிடுவீர்கள்? பெயர் உறுதிசெய்த மாதிரியோடுதானே. அந்தப் பெயரைப் பெரும்பாலும் பூவோ காயோ பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். தென்கிழக்காசியாவின் டிப்டெரோகார்ப் மரங்கள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். அதுவரை தாவரவியலாளர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.