அமெரிக்காவில் எச்-1பி விசாக்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கிரீன் கார்டு இருந்தால் குடிமகனைப் போலவே வாங்கலாம். எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி தடை. தோட்டாவுக்கும் அதே தடைதான். முக்கியமான விலக்கு, ஏதாவதொரு மாநிலம் தந்த வேட்டை உரிமம். வேட்டைக்கே போகாதவரும் அதை வைத்து வாங்க முடிகிறது, வேடிக்கைதான்! கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் ஐ-94 எண்ணை (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு எண்) எழுதி, உரிமத்தைக் காட்ட வேண்டும்.

பலர் சிக்குவது அதற்குப் பிறகு. உரிமம் காலாவதியானால் வீட்டிலுள்ள துப்பாக்கியே குற்றமாகிவிடும். 2022-இலிருந்து இதற்கு 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் ‘வைத்திருப்பது’தான். படிப்பு நின்று மாணவர் விசாத் தகுதியை இழந்த ரெஹைஃப் என்பவர் அப்படித்தான் மாட்டினார். தன் தகுதி போனது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (2019).

முழுத் தடையைவிட, இந்த வேட்டை உரிம ஓட்டையை அடைத்து நேரடிப் பின்னணிச் சோதனை வைப்பதே நேர்மை என்பது என் கருத்து.