வெனேரா-7: 23 நிமிட வெற்றி

அன்புள்ள ஐயா,

வெள்ளி கோள் பற்றிய கட்டுரையில், அங்கே இறங்கிய சோவியத் விண்கலமான வெனேரா-7 ஒரு வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். 23 நிமிடம் வெப்பநிலையை மட்டும் சொல்லிவிட்டு அடங்கிப்போன கலம் எப்படி வெற்றியாகும்? செவ்வாயில் ஊர்திகள் வருடக்கணக்கில் ஓடுகின்றனவே. சோவியத் மீதான பழைய பாசமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாசம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செவ்வாயையும் முதலிலிருந்து பாருங்கள். 1971இல் அங்கே உடையாமல் இறங்கிய மார்ஸ்-3 இரண்டு நிமிடத்துக்குள் மௌனமாகிவிட்டது.

வெள்ளியின் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கடல்கூட இருக்கலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 1967இல் போன வெனேரா-4இல் சர்க்கரையால் செய்த ஒரு பூட்டு இருந்தது. தண்ணீரில் விழுந்தால் சர்க்கரை கரைந்து ஆன்டெனா விடுபடும் என்பது கணக்கு! (எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது.) கலம் தரையைத் தொட்டுவிட்டது என்றே முதலில் அறிவித்தார்கள். உண்மையில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் இறங்க வேண்டியிருந்தபோதே அதன் பேச்சு நின்றிருந்தது. காற்றழுத்தம் அவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு.

அதனால் வெனேரா-7ஐ பூமியின் காற்றழுத்தத்தைப்போல் 180 மடங்கு தாங்கும்படி டைட்டேனியத்தில் கட்டினார்கள். 1970 டிசம்பர் 15. பாராசூட் பழுதாகி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. சிக்னல் போய்விட்டது. சரி, கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் பதிவு நாடாக்களை மறுபடி ஆராய்ந்தபோது இரைச்சலுக்குள் மிக மெல்லிய சிக்னல், 23 நிமிட நீளத்துக்கு. அளவீடுகளை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டிய சுவிட்ச் சிக்கிக்கொண்டதால் வெப்பநிலை மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது: சுமார் 475 டிகிரி. ஈயம் உருகும் சூடு. அந்த எண் மாறாமலே நின்றதால் கலம் தரையில் கிடக்கிறது என்று தெரிந்தது. சிக்னலின் அலைவரிசை சட்டென்று மாறிய விதத்திலிருந்து மோதிய இடம் கெட்டித்தரை என்று தெரிந்தது. அழுத்தத்தைக் கணக்குப் போட்டார்கள், பூமியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு. சிக்கிக்கொண்ட சுவிட்சிலிருந்து இவ்வளவு கறந்தவர்களை நான் தோற்றவர்கள் என்று எப்படி எழுதுவது?

அடுத்து வந்தவை இந்த எண்களை வைத்துத்தான் கட்டப்பட்டன. அவற்றின் தலைவலி வேறு: கேமரா மூடி. 1975இல் முதல் படம் அனுப்பிய வெனேரா-9இல் இரண்டில் ஒன்று திறக்கவில்லை. 1978இல் போன இரண்டு கலங்களிலும் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

1982இல் வெனேரா-13 இறங்கியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று கட்டியது, 127 நிமிடம் வேலை செய்தது. அது அனுப்பிய வண்ணப் படத்தைத் தேடிப் பாருங்கள். தட்டையான பாறைகள் மேல், கலத்தின் பல் வைத்த விளிம்புக்குப் பக்கத்தில், அரைவட்டமாக ஒன்று கிடக்கும். கழன்று விழுந்த கேமரா மூடி அது.